பதினோராம் பக்கத்துப் பெண்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம், வினோதினி தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வினோதினி குழந்தைகளுக்கான கதைகளை எழுதி, அவற்றுக்கான படங்களையும் தானே வரைகிறவள். அதுவரை ஒன்பது புத்தகங்கள் வந்திருந்தன. ஒன்பதாவதான 'பலாப்பழம் பஸ் ஏறிச்சு' ஜூன் மாதம்தான் வெளியானது. பண்ருட்டியிலிருந்து ஒரு பெரிய பலாப்பழம் தனியாகக் கிளம்பி சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும். பழம் உட்கார இடம் கொடுப்பதற்காக பஸ்ஸில் இருக்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்காருவார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பயணிகளின் முகங்களுக்காகவே புத்தகத்தை எல்லோரும் வாங்கினார்கள்.

நீலச் சட்டை போட்ட ஒருவர் வரிசையில் கடைசியாக வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லை. புத்தகத்தைப் பதினோராம் பக்கத்தில் விரித்து மேஜைமேல் வைத்தார்.

"மேடம், இந்தக் கொழந்தைய எங்கியாவது பாத்து வரஞ்சீங்களா, இல்ல மனசுலேர்ந்து வர்றதுங்களா?"

அந்தப் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஆறு வயதுச் சிறுமி. சிறுமியின் காதில் ரோஸ் நிறத்தில் ஒரு காது மெஷின். தமிழில் படப்புத்தகங்களில் இப்படி ஒரு குழந்தையை இதுவரை பார்த்ததில்லை என்று மதிப்புரை எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டியிருந்தார்கள். படத்தைப் பற்றி இத்தனை அக்கறையாக யாரும் நேரில் கேட்டதில்லை. வினோதினிக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பாத்து வரஞ்சதுதாங்க. நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை சிதம்பரத்துல ஒரு ஸ்கூலுக்கு டிராயிங் சொல்லித்தரப் போவேன். பஸ்ல ஒக்காந்து வரயிறதுதான் வேலையே. இவுங்க ஏழு பத்து பஸ்ல வருவாங்க. புதுச்சத்திரத்துல ஏறுவாங்க."

"தெனமுங்களா?"

"நான் போன நாள்லாம் பாத்திருக்கேன்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். கையெழுத்துக்காகப் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

"யாரு பேருக்கு எழுதட்டும்?"

"யாழினி. யாழினிக்கு, அப்பா ரொம்பக் கிட்டத்துல வந்துட்டேன். அப்படி எழுதிடுங்க மேடம்."

பேனா பாதி ஓடிவிட்ட பிறகுதான் அவளுக்கு அந்த வாசகம் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"யாழினி ஒங்க பொண்ணுங்களா?"

"ஆமாங்க. இவதான்." மறுபடி பதினோராம் பக்கத்தைத் திறந்து, சிறுமியின் முகத்தில் விரலை வைத்தார். "எட்டு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன். எம்பேரு செம்பியன். பண்ருட்டியில முந்திரி ஏவாரம். ரொம்ப நன்றிங்க மேடம்."

அவர் புத்தகத்தை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

பக்கத்தில் நின்றிருந்த தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் புத்தகத்தின் பதிப்பாளர்.

"ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட? பொண்டாட்டியும் பொண்ணும் காணும்னு தேடுறாரு. நம்ம புத்தகத்தால கெடைச்சா நல்லதுதானே?"

வினோதினி இன்னொரு பிரதியை எடுத்துப் பதினோராம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ ஒன்றை அவள் மறந்திருந்தாள். அது என்னவென்று தெரியவில்லை. கூத்தப்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள்.

பஸ்ஸில் வரையும் நோட்டுகளில் அவள் தேதி போட்டு வைப்பாள். ஜனவரி நோட்டில் அந்தப் படம் இருந்தது. பென்சிலில் வேகமாகப் போட்டது. 

படத்தில் அந்தப் பெண்ணின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. நெற்றியோரத்தில் தையல். ஓரத்தில் அவளுடைய கையெழுத்திலேயே குறிப்பு: 'புதுச்சத்திரம். பொண்ணுக்கு ரோஸ் கலர் காது மெஷின். அம்மா ஜன்னல் சீட் காலியா இருந்தும் உட்காரலை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவங்களையே பார்க்கிறாங்க. பேர் கேட்டேன், சொல்லலை.'

குழந்தைகள் புத்தகத்தில் மாவுக்கட்டு எதற்கு, பார்க்கிற பிள்ளை ஏன் எப்படி என்று கேட்கும் என்று, புத்தகத்துக்காக வரைந்தபோது தமிழ்ச்செல்வி சொன்னாள். சரியென்று வினோதினி மாவுக்கட்டை எடுத்துவிட்டு, கை நிறைய வளையல் போட்டாள். தையலை அழித்துப் பொட்டு வைத்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்துச் சிரிக்கவும் வைத்தாள். நாலைந்து மாதம் அந்தச் சிரித்த முகத்தையே வரைந்து வரைந்து, நிஜ முகம் அவள் நினைவிலிருந்தே போயிருந்தது. ஆனால் காது மெஷினை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். ரோஸ் நிறம், அதில் ஒட்டியிருந்த சின்ன நட்சத்திரம் உட்பட.

பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். பாதிக்கப்பட்டவர் பெயர் என்ன, முகவரி என்ன என்றார். வினோதினிக்கு இரண்டும் தெரியாது. "பஸ்ல பாத்தவங்க மேடம்" என்றாள். அவர்களைப் பார்த்த உடனே கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார் அந்தப் பெண்.

மறுநாள் வியாழக்கிழமை.

ஏப்ரலோடு அவளுடைய டிராயிங் வகுப்பு முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்த பஸ்ஸில் அவள் போகவில்லை. நாலு மாதத்தில் அவர்கள் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். பஸ்ஸை மாற்றியிருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே காலையில் ஆறே முக்காலுக்கெல்லாம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். ஜனவரி நோட்டைத் தோள்பையில் வைத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய் நின்றால், தான் யாரென்று காட்ட அது உதவும் என்று நினைத்தாள்.

பஸ்ஸில் ஏறி நாலாவது வரிசையைத் தாண்டும்போது குரல் கேட்டது.

"மேடம், நீங்களும் வரீங்களா?"

செம்பியன் பின்வாசலுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அதே நீலச் சட்டையா, வேறொன்றா என்று தெரியவில்லை. மடியில் புத்தகம்.

"சிதம்பரத்துல ஒரு வேல" என்றாள் வினோதினி. 

"ஒக்காருங்களேன், இங்க எடம் இருக்கு."

"இல்லைங்க, எனக்கு முன்னாடி ஒக்காந்தாத்தான் ஒத்துக்கும்."

முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். முதுகில் அவருடைய பார்வை இருப்பது தெரிந்தது. பஸ் கிளம்பி முதுநகரைத் தாண்டியது. கண்டக்டர் கொளஞ்சி டிக்கெட் போட்டுக்கொண்டே முன்னால் வந்தார். ஒரு வருஷம் வாராவாரம் பார்த்தவர்.

"என்னா டீச்சர், ஆளையே காணும்? சிதம்பரம்தானே?"

வினோதினி நோட்டைத் திறந்து, வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. 'காது மெஷின் பொண்ணும் அம்மாவும் இப்பவும் புதுச்சத்திரத்துல ஏறுறாங்களா? பின்னாடி நீலச் சட்டை அந்தம்மா வீட்டுக்காரர். கையை உடைச்சது அவர்தான்னு நினைக்கிறேன். தேடி வந்திருக்கார்.'

கொளஞ்சி படித்தார். திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் டிக்கெட் கட்டைப் புரட்டுவதுபோல நின்றார்.

"சில்லற அப்பறமா வாங்கிக்குங்க டீச்சர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, முன்படிக்கட்டில் இறங்கி நின்று போனை எடுத்தார். காரைக்காட்டில் லாரிகளின் இரைச்சலில் அவர் பேசுவது யாருக்கும் கேட்டிருக்காது. வினோதினிக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இரண்டு பேரிடம் பேசினார். ஆலப்பாக்கம் வருவதற்கு முன்னால் திரும்பி வந்து அவளிடம் ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார். பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'புதுச்சத்திரம் டீக்கடை பொன்னுரங்கத்துகிட்ட சொல்லிட்டேன். அவுங்கள கடைக்குள்ள வச்சிப்பாரு. ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சு.'

ஆக, அவர்கள் இன்னும் இந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

புதுச்சத்திரம் வந்தது. செம்பியன் அதற்கு முன்பே எழுந்து பின்வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லூரிப் பிள்ளைகள் ஏறினார்கள், இரண்டு மீன்கூடை ஏறியது. காது மெஷின் போட்ட குழந்தை யாரும் இல்லை.  அந்த நேரத்தில் செம்பியன் கீழே இறங்கினார்.

அவளும் முன்வாசல் வழியாக இறங்கினாள். கொளஞ்சி விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஊதாமல் நின்றார். உள்ளே யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். கடைசியில் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

செம்பியன் பதற்றமே இல்லாமல் டீக்கடைக்குப் போனார். பாய்லருக்குப் பின்னால் நின்றிருந்த பொன்னுரங்கத்திடம் பதினோராம் பக்கத்தைக் காட்டினார்.

"அண்ணே, இந்தப் பாப்பாவும் அம்மாவும் இங்கதான் பஸ் ஏறுவாங்களாம். பாத்திருக்கீங்களா?"

"பஸ் ஏற தெனம் எரநூறு பேரு வராங்க. யாரப் பாத்து வச்சிக்கிறது?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "எனக்கு வெள்ளெழுத்துப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் தோளைக் குலுக்கினார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. வினோதினி நாலடி தள்ளி நின்று, உதவி எண்ணுக்கு போன் போட்டுக் காதில் வைத்திருந்தாள்.

பன் வாங்க வந்து நின்ற பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி எக்கிப் புத்தகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இது யாழினி. எங்க ஸ்கூல்லயும் இந்த புக்கு இருக்கு. யாழினி எங்க தெருதான். இப்பதான் அவளும் அவுங்கம்மாவும் கடைக்குள்ள போனாங்க."

பொன்னுரங்கம் சட்டென்று ஒரு பன்னை எடுத்து அவளிடம் நீட்டினார். 

செம்பியன் புத்தகத்தை மூடினார். கடைக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அதை நோக்கி நடந்தார். வினோதினி போனைக் கையில் பிடித்தபடியே ஓடி, பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் வழியை மறித்து நின்றாள்.

"சார், அந்தப் பாப்பா ஏதோ ஒளறுது. அந்தப் படம் நான் கற்பனையா வரஞ்சதுங்க."

"நேத்து பாத்து வரஞ்சதுன்னு சொன்னீங்களே மேடம்."

"சும்மா சொன்னேன். கேக்குறவங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவோம். புஸ்தகம் விக்கணும்ல."

அவர் அவளையே பார்த்தார்.  பஸ்ஸில் அவள் எழுதியதைப் பார்த்திருக்க வேண்டும், கை நீட்டி அவள் தோள்பையிலிருந்து நோட்டை உருவினார். அவள் பிடித்து இழுத்தாள். அவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். முழங்கை பெஞ்சு முனையில் மோதி வலி தோள்வரை ஏறியது. அவள் சுதாரிப்பதற்குள் அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டார். ஜனவரிப் படம் வந்ததும் கை நின்றது.

மாவுக்கட்டு, தையல், தேதி, ஓரத்துக் குறிப்பு. எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்தார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நோட்டைக் கீழே போட்டார்.

"மத்தவங்க குடும்பத்த வேடிக்க பாத்து எழுதி வைக்கிறதுதான் ஒன் பொழப்பா?"

அப்போது தகரக் கதவு திறந்தது.

வெளியே வந்த பெண்ணை வினோதினி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கட்டு இல்லை, தையல் இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு. கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தாழ் போட்டாள். வலது கை எதையோ இறுக்கி மூடியிருந்தது. விரலிடுக்கில் ரோஸ் நிறம் தெரிந்தது. அப்பாவின் குரல் கேட்கக்கூடாது என்று மகளின் காதிலிருந்து மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள். "எட்டு மாசமா இங்கதான் இருக்கேன்."

"லோகநாயகி, பாப்பாவ ஒரு தடவ காட்டு. பாத்துட்டுப் போயிடறேன்."

"கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. ஒனக்கும் நோட்டீஸ் வந்துச்சு. தெரியாதுன்னு சொல்லாத."

"எம்பொண்ண நான் பாக்க கோர்ட்டு யாரு?"

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். பொன்னுரங்கம் பாய்லரை விட்டு வெளியே வந்தார். மீன்காரம்மா எழுந்து நின்றார். டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் வந்து லோகநாயகிக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். செம்பியன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த நிலையில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று வினோதினிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கலாம். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டதும் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, தானே போய் போலீஸ்காரர்களுக்கு வணக்கம் சொன்னார். வினோதினி சுட்டிக்காட்டியதும் பெண் காவலர் ஒருவர் அவருடைய சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு லோகநாயகி விரலைப் பிரித்து மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். வினோதினி கீழே கிடந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றாள்.

"நான்தான் அந்தப் புத்தகம்..."

"தெரியும். பஸ்ல வரஞ்சிக்கிட்டு வருவீங்க. ஜூலையில ஸ்கூல்ல டீச்சர் காட்டுனாங்க. எம்பொண்ணு குதிச்சா. புக்குல வந்துட்டேன் புக்குல வந்துட்டேன்னு தெருவெல்லாம் சொன்னா. எனக்கு அன்னிலேர்ந்து தூக்கம் போச்சு."

"நான் யோசிக்கல. மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். பக்கத்து சீட்டுதானே."

 லோகநாயகி எழுந்து, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே வினோதினி தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டுப் புத்தகத்தை நிறுத்தச் சொன்னாள். தமிழ்ச்செல்வி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைகளிலிருந்து முடிந்தவரை பிரதிகளைத் திரும்ப எடுத்தாள். பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போனவை போனவைதான்.

நவம்பரில் சிதம்பரம் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். உத்தரவை மீறி மனைவி இருக்குமிடம் தேடிவந்தார் என்பது செம்பியன்மேல் வழக்கு. தேடிப் போகவில்லை, முந்திரி ஆர்டர் விஷயமாகப் புதுச்சத்திரத்தில் இறங்கினேன், தற்செயலாகப் பார்த்தேன் என்பது அவர் தரப்பு. மனைவியை ஒருபோதும் அடித்ததில்லை என்பதும். வினோதினி கூண்டில் ஏறினாள். செம்பியன் எதிரில் அதே சாந்தமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வக்கீல் வயதானவர், மரியாதையாகப் பேசினார். ஒரு கையில் கிழிந்த பென்சில் படம், இன்னொரு கையில் புத்தகம்.

"நீங்க கொழந்தைகளுக்குக் கற்பனையா கதை எழுதுறவங்கதானேம்மா? பலாப்பழம் பஸ்ல போவுமா?"

"போவாது."

"அன்னிக்கு டீக்கடையில, இந்தப் படம் கற்பனைன்னு நீங்களே சொன்னீங்க. பத்து பேரு கேட்டிருக்காங்க. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். அவரைத் தடுக்கறதுக்காகப் பொய் சொன்னேன்."

"ஆக, தேவைப்பட்டா பொய் சொல்லுவீங்க. சரி. இந்த நோட்டுல கையில மாவுக்கட்டு இருக்கு. புத்தகத்துல அதே கையில வளையல் இருக்கு, சிரிச்ச முகமா இருக்காங்க. ரெண்டும் நீங்க வரஞ்சதுதான். எது நிஜம்?"

"நோட்டுல இருக்கறது."

"அப்ப ஆயிரக்கணக்கான கொழந்தைங்க கையில குடுத்த இந்தப் பக்கம்?"

 லோகநாயகி கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது பொய்" என்றாள் வினோதினி. "அவுங்க ஜன்னல்கிட்ட ஒக்காரவே இல்ல. ஒக்காந்தா வெளியிலேர்ந்து யாராவது பாத்துடுவாங்கன்னு பயந்தாங்க. அவுங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. கட்டு இருந்தா அழகா இருக்காதுன்னு நான் எடுத்துட்டேன். அன்னிக்குத் தேதி போட்டு என்ன பாத்தேனோ அதான் நோட்டுல இருக்கு. புத்தகத் திருவிழாவுல இந்தக் கொழந்தையப் பத்தி இவர் எங்கிட்டதான் கேட்டாரு. எங்க ஏறுவாங்கன்னு நான்தான் சொன்னேன். தற்செயலா வரல."

சாட்சியத்தை எழுதிக்கொண்டிருந்த கோர்ட் ஊழியர் எழுதி முடிக்கும்வரை நீதிபதி காத்திருந்தார். பிறகு போகலாம் என்றார்.

வராந்தாவில் லோகநாயகி அவளுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"நாங்க வேற ஊருக்குப் போயிட்டோம். எங்கன்னு கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்."

"படத்த எடுக்கக்கூடாதுன்னு எம்பொண்ணு அழுவுறா. நான் எடுத்துடுங்கன்னு சொல்றேன். அவ பெரியவளானப்பறம் வேணும்னா அவளே வந்து ஒங்ககிட்ட கேக்கட்டும்."

 பிறகு லோகநாயகி படியிறங்கிப் போனாள்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. செம்பியனுக்கு ஆறு மாதம் சிறை. அவர் மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்துவிட்டார் என்று கொளஞ்சி போனில் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது.

மார்ச்சில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. பதினோராம் பக்கத்தில் இப்போது வாயைப் பிளந்து தூங்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். மடியில் காலி மீன்கூடை. அது நிஜத்தில் யாருடைய முகமும் இல்லை.

ஒரு மாதத்தில் வடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஜான்சி என்ற ஆசிரியை எழுதியிருந்தார். புதுப் பதிப்பில் அந்தக் குழந்தை எங்கே என்று என் வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள், பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், எங்கள் பிள்ளைகளைப் புத்தகத்தில் வைத்திருப்பது யாருக்காவது இடைஞ்சலாக இருந்ததா என்று கேட்டிருந்தார். கோபமான கடிதம்.

வினோதினி பதில் எழுத உட்கார்ந்தாள். நடந்ததைச் சொல்ல முடியாது. சொல்லாமல் நியாயப்படுத்தவும் முடியாது. மூன்று முறை எழுதிக் கிழித்தாள். நாலாவது தடவை இரண்டே வரி எழுதினாள்: 'அந்தக் குழந்தையையும் அதன் அம்மாவையும் கேட்காமல் வரைந்துவிட்டேன். தவறு என்னுடையது, உங்கள் பிள்ளைகளுடையது இல்லை.' கீழே இன்னொரு வரி சேர்த்தாள். பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் சம்மதித்தால், அவர்களை வைத்து வரைய வடலூருக்கு வரலாமா என்று கேட்டாள்.

அதற்கு இன்னும் பதில் வரவில்லை.